ஒன்றரை ஷிப்ட் சதுரங்கம்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டுங்கள். நிலைக்கு வலப்பக்கம் சுவரில் சதுரமாக ஒரு குழி தெரியும். அதற்குள் இரண்டு ஒயர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன், இருந்தாலும் தொட வேண்டாம். அங்கே இருந்த காலிங் பெல் சுவிட்ச் இப்போது ஹாலில், ஒரு சதுரங்கப் பலகையின் ஓரத்தில் இருக்கிறது. அதை அமுக்கினால் மணி அடிக்காது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கு நான் செய்த அடுத்த தவறு போய்ச் சேரும்.

நான் பெருமாநல்லூர் ரோட்டுப் பக்கம் ஒரு நிட்டிங் யூனிட்டில் பிட்டர். முப்பது இஞ்ச் டயா, இருபத்து நாலு கேஜ் மிஷின் ஒன்றில் இரண்டாயிரத்து இருநூறுக்கு மேல் ஊசி இருக்கும். அதில் ஒன்றின் கொக்கி மழுங்கினாலும் துணியில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விழுந்துவிடும். ரோல் முழுக்க செகண்ட்ஸ். அந்தக் கோட்டைக் கண்ட நிமிஷத்தில் எந்த ஊசி என்று விரலை வைத்துக் காட்டுகிறவன் நான். இதைச் சொல்வது தற்பெருமைக்காக அல்ல. என் அழிவு எங்கே தொடங்கியது என்று காட்டத்தான். இரண்டாயிரத்து இருநூறு ஊசியைப் பார்க்கிறவனுக்கு அறுபத்து நாலு கட்டம் எம்மாத்திரம் என்று தோன்றியது.

சதுரங்கம் எங்கள் வீட்டுக்குள் 2022இல் நுழைந்தது. மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்த வருஷம். வேட்டி சட்டை கட்டிய ‘தம்பி’ குதிரை, பார்த்த சுவரில் எல்லாம் கைகூப்பிக்கொண்டு நின்றது. மகள் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். மூன்று மாதம் என்னோடு ஆடினாள். பிறகு, “உங்க கூட ஆடுனா எனக்குத் திறமை கொறையுதுங்ப்பா” என்று விலகிக்கொண்டாள். நான் போனுக்குப் போனேன். லைசெஸ் என்று ஒரு தளம். திபோ டியூப்ளெசி என்ற பிரெஞ்சுக்காரர் 2010இல் தொடங்கியது. காசு கேட்காது, விளம்பரம் போடாது. உள்ளே நுழையும் எல்லாரையும் 1500 புள்ளி என்று நம்பி வரவேற்கும். அந்த நம்பிக்கையைப் பத்தே நாளில் நான் கெடுத்தேன்.

ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை நிறுத்தி வைத்து ஆடுவேன். ஒருநாள் ரசம் என்று நினைத்துத் தண்ணீரைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, முழுசாகச் சாப்பிட்டும் முடித்தேன். என் மனைவி எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் குவாலிட்டி. எதிரே நிற்பது டீ-ஷர்ட்டா மனுஷனா என்ற வேறுபாடு அந்தப் பார்வையில் இருக்காது. கடைசியில் சொன்னாள்: “ஏனுங்க, ஆடறதுன்னா பலகைல ஆடுங்க. போனை எடுத்தீங்கன்னா அரிசிப் பானைக்குள்ள போட்டுருவேன்.”

பலகையில் ஆடலாம், எதிரே உட்கார ஆள் வேண்டுமே? ஆள் இன்டர்நெட்டில் இருக்கிறார், பலகை வீட்டில் இருக்கிறது. இரண்டையும் கோத்தால் என்ன என்று யோசித்தது அப்போதுதான். 2024 டிசம்பர் 12இல் சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். ஆட்டம் முடிந்ததும் அவர் காய்களை அதனதன் கட்டத்தில் திருப்பி அடுக்கிக்கொண்டே அழுததை டிவியில் பார்த்துவிட்டு, என் வயதைக் கணக்குப் போட்டேன். உலக சாம்பியனாவதற்குக் கொஞ்சம் லேட். பலகை செய்வதற்கு வயது வரம்பு கிடையாது.

இந்த ஆசை எனக்குத்தான் முதலில் வந்தது என்று நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால் ஒரு கூட்டமே வரிசையில் நிற்கிறது. 1770இல் கெம்பலன் என்பவர் வியன்னா அரண்மனையில் ஒரு பெட்டியும், அதன் பின்னால் தலைப்பாகை கட்டிய பொம்மையும் கொண்டுவந்து வைத்தார். பொம்மை சதுரங்கம் ஆடியது, நெப்போலியனோடுகூட ஆடியிருக்கிறது. அத்தனைக்கும் பெட்டிக்குள் ஒரு மனுஷன் மடங்கி உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். ஏமாற்று இல்லாமல் செய்து காட்டியவர் ஸ்பெயின்காரர் டொர்ரெஸ் கெவெதோ. 1912இல் அவர் கட்டிய மிஷின் ராஜாவும் யானையும் வைத்துக்கொண்டு எதிராளியின் ஒற்றை ராஜாவை மடக்கும். 1920இல் செய்த இரண்டாவது மிஷினில் பலகைக்கு அடியில் காந்தம் வைத்துக் காயை நகர்த்தினார். நம் நாட்டிலேயே மும்பையில் பவ்யா கோஹில், ஆத்துர் மேத்தா என்ற இரண்டு இளைஞர்கள் ‘ஸ்கொயர் ஆஃப்’ என்று ஒரு பலகை செய்து 2016இல் கிக்ஸ்டார்ட்டரில் உலகத்திடம் பணம் திரட்டினார்கள். எதிராளி அவன் ஊரில் காயை நகர்த்தினால், நம் வீட்டுப் பலகையில் அந்தக் காய் தானாக ஊர்ந்து போகும். விலையைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

தானாக ஊராவிட்டால் போகிறது. எதிராளி எங்கிருந்து எங்கே நகர்த்துகிறான் என்று கட்டத்தில் விளக்கு எரிந்தால் போதும், காயை நானே நகர்த்திக்கொள்கிறேன். நிட்டிங் மிஷினில் நூல் அறுந்தால் லைட் எரிகிறது, நான் போய் முடிச்சுப் போடுகிறேன். அதே வேலைதானே?

சென்னையில் இருக்கும் மைத்துனரிடம் சொல்லி ரிச்சி தெருவிலிருந்து சாமான் வரவழைத்தேன். வைஃபை உள்ள ஈஎஸ்பி 32 போர்டு ஒன்று, சின்ன எல்இடி பதித்த பட்டை, காந்த வில்லைகள், ரீட் சுவிட்ச் எழுபது. இந்த ரீட் சுவிட்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு அரிசியை நீளவாக்கில் ஒட்டின மாதிரி ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் ஒன்றையொன்று தொடாமல் இரண்டு மெல்லிய இரும்புத் தகடு. காந்தம் கிட்டே வந்தால் ஒட்டிக்கொள்ளும், போனால் விலகும். 1936இல் பெல் ஆய்வகத்தில் எல்வுட் என்பவர் கண்டுபிடித்தது. ஒவ்வொரு கட்டத்துக்கு அடியிலும் ஒன்று, ஒவ்வொரு காய்க்கு அடியிலும் ஒரு காந்தம். எட்டு ஒயர் குறுக்கே, எட்டு ஒயர் நெடுக்கே. கேட்க எளிது. குறுக்கும் நெடுக்கும் ஓடினால் அது நெசவு, நான் நிட்டிங்காரன். சோமனூரிலோ பல்லடத்திலோ ஒரு தறிக்காரர் இதைவிடச் சுத்தமாகக் கட்டியிருப்பார்.

ரீட் சுவிட்சின் காலைக் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் மடக்கினால் ‘டிக்’ என்று உடையும். முதல் நாளே மூன்று உடைந்தது. வீட்டில் எல்லாரும் வெறுங்காலோடு நடக்கிறவர்கள். மறுநாள் மேஜைமேல் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. அட்டையில் மனைவியின் கையெழுத்தில் ‘உடைந்த ஊசிப் பதிவேடு’.

வெளியூர்க்காரர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷினில் ஊசி உடைந்தால், டெய்லர் தன் இஷ்டத்துக்குப் புது ஊசி மாட்ட முடியாது. உடைந்த துண்டு அத்தனையும் தேடி எடுத்து, சேர்த்துப் பார்த்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், மிஷின் நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் அடுத்த ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் பீஸ் எல்லாவற்றையும் ஓரங்கட்டி ஊசி டிடெக்டருக்குள் விடுவார்கள். எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் கழுத்தைக் குத்திவிடக் கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடு. என் வீட்டுக்கு வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“துண்டு எல்லாம் ஒட்டுனாத்தான் அடுத்த சுவிட்சு தருவேன்” என்று மீதி அறுபத்தேழையும் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். டார்ச் அடித்து, ஈரத் துணி ஒற்றி, ஹால் முழுக்கத் தவழ்ந்தேன். கண்ணாடித் தூளை டேப்பில் அள்ளி ஒட்டி, நேரம் எழுதி நீட்டினேன். ‘காரணம்’ என்ற கட்டம் காலியாக இருப்பதைத் தொட்டுக் காட்டினாள். “அவசரம்” என்று எழுதினேன். மூன்றாவது வரிசைக்கு வருவதற்குள் அந்தக் கட்டத்தில் அவசரம், கை நடுக்கம், டிவி, மறுபடி அவசரம் என்று ஒரு மனுஷனின் சரித்திரமே சேர்ந்துவிட்டது.

ஒரு மாதம் ஆனது. விளக்குகள் எரிந்தன. முப்பத்திரண்டு காயையும் அடுக்கி, வெள்ளைக் குதிரையை எடுத்து மூன்றாவது வரிசையில் வைத்தேன். அந்த வரிசையின் எட்டுக் கட்டமும் ‘உள்ளேன் ஐயா’ என்று கை தூக்கின. இருப்பது ஒரு குதிரை, பதிவாவது எட்டு ஆள். கம்பெனியில் ஒருத்தன் எட்டுப் பேருக்குச் சேர்த்துப் பஞ்ச் அடித்தால் எப்படி இருக்கும், அப்படி. காரணம் பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு சுவிட்சோடும் ஒரு டயோடு வைக்கவேண்டும். இல்லாவிட்டால் குதிரை வழியாக மின்சாரம் கீழ் வரிசைக்கு இறங்கி, அங்கிருந்து பக்கத்துப் பக்கத்துச் சுவிட்ச் வழியாக ஏறி ஊர் சுற்றிவிட்டு வரும். டயோடு அதை ஒருவழிப் பாதையாக்கிவிடும். செலவு மிச்சம் என்று அதைத்தான் விட்டிருந்தேன். மறுபடி ரிச்சி தெரு, மறுபடி மைத்துனர், அறுபத்து நாலு டயோடு. செலவுக் கணக்கு எழுதுவதை அந்த வாரத்தோடு நிறுத்தினேன்.

அதற்கடுத்து வந்ததுதான் வேடிக்கை. நான் காயை வைத்தால் பலகைக்குத் தெரிகிறது. மனைவி வைத்தால் தெரியவில்லை. அவள் எதையும் கட்டத்தின் நட்டநடுவே, ஸ்கேல் வைத்த மாதிரி வைப்பாள். நான் கோணல்மாணலாக வைப்பேன். மூன்று நாள் மண்டை காய்ந்த பிறகு பிடிபட்டது. ரீட் சுவிட்ச் படுத்திருக்கிறது, காந்தம் அதன் சரியான நடுவில் செங்குத்தாக நிற்கிறது. அப்போது இரண்டு பக்கமும் இழுப்பு சமமாகி ஒன்றையொன்று அடித்துப்போகும், தகடு ஒட்டாது. கொஞ்சம் தள்ளி வைத்தால்தான் ஒட்டும். ஒழுங்காக வைக்கிறவர்களைத் தண்டித்து, ஒழுங்கில்லாதவனை மெச்சும் ஒரு கருவியை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறேன். அதை அப்படியே விட்டுவிட மனசார விரும்பினேன்.

“இது ரிஜெக்ட்” என்றாள். அவள் கம்பெனியில் ஏக்யூஎல் 2.5 என்று ஒரு கணக்கு உண்டு. 1201இலிருந்து 3200 வரை பீஸ் உள்ள லாட்டில் 125ஐ எடுத்துப் பார்ப்பார்கள். ஏழு வரை குறை இருந்தால் பாஸ், எட்டாவது வந்தால் மொத்தமும் திரும்பும். ஏழு குறை வரை மன்னிக்கிறீர்களே, அந்தச் சலுகை எனக்கில்லையா என்று கேட்டேன். “அது பையருக்குங்க. ஊட்டுக்கு ஹண்ட்ரட் பர்சன்ட் செக்கிங்.” அறுபத்து நாலு சுவிட்சையும் பெயர்த்து, நடுவிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒட்டினேன். பதிவேட்டில் இரண்டு பக்கம் நிரம்பியது. இப்போது அவள் வைத்தால் தெரிகிறது, நான் வைத்தால் சிலசமயம் தெரிவதில்லை.

ஒருவழியாக ஆடத் தொடங்கியபோதுதான் என் பலகையின் அறிவு எவ்வளவு என்பது தெரிந்தது. கட்டத்தில் ஆள் இருக்கிறானா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். யார் என்று தெரியாது. ராணியும் ஒன்று, சிப்பாயும் ஒன்று. ஆரம்பத்தில் யார் எங்கே நின்றார்கள் என்பதிலிருந்து ஞாபகமாகக் கணக்கு வைத்துக்கொண்டே வரும். நடுவில் மகள் வந்து என் ராணியையும் மந்திரியையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனால் நான்தான் குழம்புவேன், பலகை குழம்பாது. யானையைத் தேய்த்துக்கொண்டு போனால் வழியில் உள்ள ஒவ்வொரு கட்டமும் “இங்கேதான் இறங்குகிறார்” என்று அறிவிக்கும். அதனால்தான், ‘நகர்த்தி முடித்துவிட்டேன்’ என்று சொல்ல ஒரு பொத்தான் தேவைப்பட்டது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. வாசலில் ஒரு பொத்தான் சும்மா இருந்தது.

கோட்டை கட்டும்போது ராஜாவை முதலில் எடுக்கவேண்டும். நான் பழக்கதோஷத்தில் யானையை முதலில் எடுத்து வைத்து, அடுத்து ராஜாவைத் தொடுவதற்குள் பக்கத்தில் நின்ற ஒறம்பரை வீட்டுப் பையன் பெல்லை அமுக்கிவிட்டான். யானை மட்டும் நகர்ந்ததாகப் போய்விட்டது. ராஜா நடுத்தெருவில். புரோகிராம் சரியில்லை என்று திட்டிக்கொண்டே ஃபிடே விதியைப் புரட்டினால், யானையை முதலில் தொட்டவர் அந்தப் பக்கம் கோட்டை கட்டக் கூடாது என்றே எழுதியிருக்கிறது. தெரியாமல் செய்த தப்பில்கூட என் பலகை சட்டப்படி நடக்கிறது, நான்தான் நடப்பதில்லை.

கடிகாரம் இன்னொரு கொடுமை. லைசெஸ்ஸில் பலகை வைத்து ஆடுகிறவர்கள் முன்பின் தெரியாதவரோடு அதிவேக ஆட்டம் ஆட முடியாது; ரேபிடும் அதற்கு மேலும்தான். ஆளுக்குப் பத்து நிமிஷம் வைத்து ஆடுவேன். எதிராளி அவன் போனில் விரலால் ஒரு தட்டு தட்டுவான். இங்கே கட்டத்தில் விளக்கு எரியும். அவன் காயை எடுத்து, அவன் சொன்ன இடத்தில் வைத்து, அவன் வெட்டிய என் காயை வெளியே எடுத்துப்போட்டு, பெல்லை அமுக்கி, அப்புறம்தான் நான் யோசிக்க ஆரம்பிக்கவேண்டும். அத்தனை நேரமும் ஓடுவது என் கடிகாரம். என் ராணியை அவன் வெட்டினால், அந்த ராணியை என் கையாலேயே தூக்கிக் கொடுக்கவேண்டும். கெம்பலனின் பெட்டிக்கு உள்ளே ஒரு ஆள் இருந்தான். என் பெட்டிக்கு வெளியே ஒரு ஆள். இருவருக்கும் முதுகு வலி ஒன்றுதான்.

தைப்பொங்கலுக்கு மாமியார் வந்திருந்தார். கதவை வெகுநேரம் தட்டியிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் பதினோரு வினாடிதான் மீதி. அந்த வருஷம் கோயில் சுற்றுலாவில் திருவாரூர் பக்கம் பூவனூர் போய் சதுரங்க வல்லபநாதரைக் கும்பிட்டுவிட்டு வந்தவர். இளவரசியைச் சதுரங்கத்தில் ஜெயித்துக் கலியாணம் கட்டிய சாமி. “ஏனுங் மாப்ள, சாமி ஆடி ஜெயிச்சிட்டுப் பொண்ணு கட்டுனாரு. நீங்க கட்டுனதுக்கப்புறம் ஒக்காந்து தோத்துக்கிட்டிருக்கீங்க” என்றார். குகேஷோடு ஆடிய கடைசி ஆட்டத்தில் டிங் லிரன் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்துத் தோற்ற கதையை நான் சொன்னேன். உலக சாம்பியனுக்கே வரும் தவறு என்று. “அவரு கதவைத் தொறந்துட்டு ஆடியிருப்பாரு” என்றார்.

இத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வெட்டுப்பட்ட காய்களை எங்கே வைப்பது? பலகைக்குப் பக்கத்தில் வைத்தால் காந்தம் பக்கத்துக் கட்டத்தைச் சீண்டும். நாற்காலி முதுகில் மனைவியின் வெள்ளைக் கோட்டு தொங்கும். செக்கிங் செக்‌ஷனில் போட்டுக்கொள்வது. அதில் பெரிய பாக்கெட். ராத்திரி ஆட்டத்தில் விழுந்த காய்களை அதில் போட்டு வைத்தேன், முடிந்ததும் எண்ணித் திரும்ப எடுத்தேன். எண்ணியதாகத்தான் நினைவு.

மறுநாள் அவர்கள் கம்பெனியில் ஷிப்மென்ட். கைக்குழந்தைச் சட்டை. அன்றைக்கென்று பையர் தரப்பு இன்ஸ்பெக்டர் வேறு வந்திருந்தார். ஊசி டிடெக்டர் என்பது ஒரு சின்னச் சுரங்கம். பெல்ட்டில் துணி உள்ளே போகும். ஒன்றோ ஒன்று புள்ளி இரண்டோ மில்லிமீட்டர் இரும்புக் குண்டு பதித்த அட்டையை விட்டு, சத்தம் போடுகிறதா என்று அடிக்கடி சோதித்துக்கொள்வார்கள். அந்தத் துளியைக் கண்டுபிடிக்கும் மிஷினுக்குள், குவியல்மேல் குனிந்து அடுக்கியவரின் கோட்டுப் பாக்கெட்டிலிருந்து நழுவிய பத்து மில்லிமீட்டர் காந்தம் ஒன்று, ஒரு சட்டையின் மடிப்பில் உட்கார்ந்துகொண்டு பயணம் போயிருக்கிறது. மிஷின் அலறி, பெல்ட் நின்று, பின்னால் ஓடியிருக்கிறது. அந்த அடுக்கு முழுக்க ஓரங்கட்டி, ஒவ்வொரு பீஸாக மறுபடி விட்டு, கடைசியில் ஒரு சட்டையை உதறினால், அடியில் பச்சை ஃபெல்ட் ஒட்டிய வெள்ளைச் சிப்பாய் ஒன்று மேஜையில் விழுந்து உருண்டிருக்கிறது. இன்ஸ்பெக்டர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “யாருடையது?” என்று கேட்டாராம். இருபது வருஷ சர்வீஸில் என் மனைவி பதில் சொல்லத் தயங்கியது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

பொழுதோட வீட்டுக்கு வந்தாள். கத்தவில்லை. கை கால் கழுவி, விளக்கு வைத்து, பதிவேட்டை எடுத்தாள். புதுப் பக்கத்தில் சிப்பாயைப் படுக்க வைத்து, அகலமான டேப்பால் மேலும் கீழுமாக நாலு சுற்றுச் சுற்றி ஒட்டினாள். தேதி, நேரம். மிஷின் நம்பர் என்ற இடத்தில் என் பெயர். ‘காரணம்’ கட்டத்தை மட்டும் விட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதை எழுதிக் கையெழுத்துப் போடும்வரை சிப்பாய் வெளியே வராது என்று சொல்லிவிட்டாள். அதுவரை அந்த இடத்தில் ஒரு பழைய பாபின் நிற்கிறது, அடியில் காந்தம் ஒட்டிவிட்டேன். பலகை அதைச் சந்தேகமே இல்லாமல் ஏற்றுக்கொண்டது. நேற்று ராத்திரி அந்தப் பாபின் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து எட்டாவது வரிசையைத் தொட்டது. ராணியாகிவிட்டது என்று விளக்கு மினுக்கியது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “இதுல எது ராணிங்ப்பா?” என்றாள். நூல் சுற்றியிருப்பது என்றேன்.